பதினைந்து மில்லிமீட்டர்

டயர் வாங்கப் போன கதையை இலக்கிய இதழொன்றில் எழுதுவது தகுமா என்று முதலில் தயங்கினேன். ஆயினும் சில ஆண்டுகளாக என் உள்ளத்தை அரித்துக்கொண்டிருக்கும் ஒன்றை எழுத முனையும்போதெல்லாம் அது டயரிலேயே வந்து நிற்கிறது. எனவே அங்கிருந்தே தொடங்குகிறேன், வாசகர்கள் பொறுத்தருள்க.

நான் பணியாற்றும் பங்கு கீழ்ப்பழனி மலையில் இருக்கிறது. காப்பியும் மிளகும் மலைவாழையும் சவ்சவ்வுமாய்ச் செழித்த மண். பங்கிற்கு ஐந்து கிளைப்பங்குகள். அவற்றுள் கடைசி ஊருக்குத் தார்ச்சாலையிலிருந்து ஆறு கிலோமீட்டர் மண்பாதை. கோடையில் அது புழுதி. ஐப்பசி, கார்த்திகையில் அது ஓடை. அப்பாதையில் செல்வதற்கென்றே பங்கில் ஒரு வண்டி உண்டு. கம்பெனி அதற்கு என்ன பெயர் வைத்திருந்தாலும் எங்கள் மக்களுக்கு அது ‘சாமி ஜீப்பு’. திருப்பலிக்கு நான் செல்வதும் அதில்தான். மிளகு மூட்டை இறங்குவதும், பள்ளிப் பிள்ளைகள் ஏறுவதும், நோயாளிகள் தார்ச்சாலை சேர்வதும் அதில்தான்.

2022ஆம் ஆண்டு ஐப்பசியில் ஓர் இரவு, அந்தக் கடைசி ஊரிலிருந்து உபதேசியார் கைபேசியில் அழைத்தார். தலைப்பிரசவம், வலி கண்டு நெடுநேரமாகிவிட்டது. 108 ஊர்தியும் தார்ச்சாலை முனைக்கு வந்துகொண்டிருந்தது. நான் ஜீப்பை எடுத்துக்கொண்டு மேலே சென்று, அந்தப் பெண்ணையும் அவள் தாயையும் கணவனையும் ஏற்றிக்கொண்டு இறங்கினேன். நாலாவது கிலோமீட்டரில் ஓடைத் திருப்பம். சக்கரத் தடங்கள் இரண்டும் மழைநீரில் அரித்துப் பள்ளமாகியிருந்தன. நடுவில் ஒரு பாறை முதுகு துருத்திக்கொண்டிருந்தது. அதன்மேல் எத்தனையோ முறை உரசாமல் கடந்திருக்கிறேன். அன்று பின்னச்சின் நடுவில் இருக்கும் உருண்டை, பட்டறைக்காரர்கள் ‘கிரவுன்’ என்பார்களே அது, பாறையின்மேல் குந்திக்கொண்டது. சக்கரங்கள் சேற்றில் சுழன்றன. வண்டி முன்னும் போகவில்லை, பின்னும் வரவில்லை.

ஊரிலிருந்து ஆட்கள் ஓடி வந்தார்கள். போர்வையைக் கம்பில் கட்டி, டோலியில் அவளை எஞ்சிய இரண்டு கிலோமீட்டரும் சுமந்து சென்றார்கள். மழையில் அதற்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. மருத்துவமனையில் தாய் பிழைத்தாள். குழந்தை உயிரோடு பிறக்கவில்லை. எந்த நேரத்தில் அதன் துடிப்பு நின்றது என்பதை யாரும் சொல்ல இயலவில்லை. அந்த ஒரு மணி நேரம்தான் காரணம் என்றும் எவரும் சொல்லவில்லை. அடக்கம் முடிந்து திரும்புகையில் அவள் தாய் மட்டும் என்னைப் பார்த்து, குற்றம் சாட்டும் குரலே இல்லாமல், “சாமி, வண்டி இன்னும் கொஞ்சம் ஒசரமா இருந்திருந்தா?” என்று கேட்டார். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை.

பூவிருந்தவல்லி குருத்துவக் கல்லூரியில் மெய்யியலும் இறையியலும் பயின்றவன் நான். துன்பத்தின் மறைபொருள் பற்றி எழுதித் தேர்ச்சி பெற்றவன். அந்தக் கேள்விக்கு அங்குப் படித்த எதிலும் விடை இல்லை. ஏனெனில் அது இறையியல் கேள்வியே அன்று. அது உயரத்தைப் பற்றிய கேள்வி. எனவே உயரத்தைக் கூட்டுவது என்று முடிவு செய்தேன்.

கொடைக்கானல் பக்கம் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிச் செல்லும் ஜீப்புகள் சிலவற்றில் யானைக் கால்போல் பருத்த டயர்கள் மாட்டியிருப்பதை வாசகர்கள் கண்டிருக்கலாம். எங்கள் பங்கு இளைஞர்கள் எனக்குக் காட்டியதும் அவற்றைத்தான். “முப்பத்தொண்ணு இஞ்ச் போட்டா எதுவும் தட்டாது ஃபாதர்” என்றார்கள். நான் உடனே வத்தலக்குண்டுக்கு இறங்கி, பல ஆண்டுகளாக எங்கள் வண்டியைப் பார்த்துவரும் பாயின் பட்டறைக்குச் சென்று, விலை விசாரித்துச் சொல்லும்படி கேட்டேன்.

பாய் விலையைச் சொல்லவில்லை. குனிந்து, தேய்ந்திருந்த பழைய டயரின் பக்கவாட்டில் இருந்த எழுத்துகளைத் துடைத்துவிட்டு, “இதை வாசிங்க ஃபாதர்” என்றார். 215/75 R15 என்றிருந்தது. அத்தனை ஆண்டுகள் ஓட்டியும் அதை நான் வாசித்ததில்லை. டயரின் அகலம் 215 மில்லிமீட்டர். அதன் பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் நூற்றுக்கு 75 பங்கு. R என்பது ரேடியல். உள்ளிருக்கும் இரும்பு வளையம் 15 அங்குலம். ஒரே வரியில் மில்லிமீட்டர், விழுக்காடு, அங்குலம் மூன்றும் சண்டையில்லாமல் குடியிருக்கின்றன. நம் பங்குப் பேரவைகள் அதைப் பார்த்துக் கற்கலாம்.

அன்றிரவு காகிதமும் பேனாவும் எடுத்துக்கொண்டு அமர்ந்தேன். 215இல் முக்கால் பங்கு 161.25. மேலும் கீழுமாக இரண்டு பக்கச்சுவர்கள்: 322.5. பதினைந்து அங்குலம் என்பது 381 மில்லிமீட்டர். மொத்த விட்டம் 703.5. இதற்கு அடுத்தபடியாக, எங்கள் வண்டியின் அதே வளையத்தில் ஏறக்கூடிய பெரிய அளவு 235/75 R15 என்று பாய் சொல்லியிருந்தார். அதன் விட்டம் 733.5. வித்தியாசம் 30 மில்லிமீட்டர். ஆனால் அச்சு சக்கரத்தின் நடுவில் அல்லவா இருக்கிறது? விட்டம் எவ்வளவு கூடினாலும் அச்சு அதில் பாதிதான் உயரும். ஆக, 15 மில்லிமீட்டர்.

எனக்குச் சோர்வாயிருந்தது. பதினைந்து மில்லிமீட்டர் என்பது என் சுண்டுவிரலின் அகலம். முப்பத்தொரு அங்குல டயரின் விட்டம் 787. அச்சு ஏறத்தாழ 42 மில்லிமீட்டர் உயரும். அதுதான் உயரம் என்று எனக்குத் தோன்றியது. ஸ்பிரிங்கை மாற்றி வண்டியைத் தூக்கலாமே என்று ஓர் இளைஞர் சொன்னார். அதனால் உடல்தான் உயரும். பின்னச்சு இருந்த இடத்திலேயே இருக்கும், ஏனெனில் அச்சைத் தாங்குவது ஸ்பிரிங் அன்று, சக்கரம். பாறையில் குந்தியது அச்சின் உருண்டைதானே? அதை உயர்த்த டயரைத் தவிர வேறு வழியில்லை.

மறுவாரம் பெரியதையே கேட்டேன். பாய் மறுக்கவில்லை. காப்பித் தோட்டம் ஒன்றின் பழைய ஜீப்பிலிருந்து அவ்வளவு பெரிய சக்கரம் ஒன்றை இரவல் வாங்கி வைத்திருந்தார். எங்கள் வண்டியின் முன்பக்கம் மாட்டினார். ஐந்து போல்ட்டுகளும் பொருந்தின. என் முகத்தில் தோன்றிய மகிழ்ச்சியை அவர் கண்டிருக்க வேண்டும். “ஏறி உட்காந்து ஸ்டியரிங்கைக் கடைசி வரைக்கும் ஒடிங்க” என்றார். ஒடித்தேன். முக்கால் திருப்பத்தில் டயர் மட்கார்டின் உள்விளிம்பைக் கடித்தது. அதற்கு மேல் திரும்ப மறுத்தது. சமவெளியில் ஓடுகிற வண்டிக்கு முழுத் திருப்பம் என்றாவது ஒரு நாள் தேவைப்படும். கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி இறங்குபவனுக்கு அது அன்றாட உணவு.

பிறகு தேநீர் வந்தது. பாய் விரலை மடக்காமல், அவசரப்படாமல் பேசினார். அவருடைய சொற்களை அப்படியே தர என்னால் இயலாது. சாரம் இதுதான். எஞ்சின் தரும் திருகுவிசை அதேதான். சக்கரம் பெரிதானால் அது தரையைத் தள்ளும் வலு அதே விகிதத்தில் குறையும். மேலே ஏற வேண்டும் என்று பெரிய டயர் போட்டால் ஏற்றத்தில் வண்டிக்கு மூச்சு வாங்கும், கிளட்ச் கருகும். பிரேக்கும் அப்படியே. அது பிடிப்பது சக்கரத்தின் நடுவில். நிறுத்த வேண்டியதோ விளிம்பை. விளிம்பு விலகிப் போகப் போகப் பிடி இளைக்கும். முப்பத்தொரு அங்குலத்தில் அந்த இளைப்பு நூற்றுக்குப் பத்துக்கு மேல்; போதாக்குறைக்கு டயரின் எடையும் கூடுதல். அதற்கு அகலமான வளையமும் வேண்டும். பின்கதவில் தொங்கும் ஸ்டெப்னியும் அதே அளவில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பஞ்சரான அன்று இடக்கால் ஒன்றும் வலக்கால் ஒன்றுமாக நொண்டிக்கொண்டு, கிரவுனுக்குள் இருக்கும் பற்சக்கரங்கள் ஓயாமல் தேயும். கதவின் கீலோ அந்த எடைக்குச் செய்யப்பட்டதன்று.

‘ஸ்டெப்னி’ என்ற சொல்லை நாம் இத்தனை இயல்பாகச் சொல்கிறோமே, அது வேல்ஸ் நாட்டு லனெல்லி நகரில் உள்ள ஒரு தெருவின் பெயர். 1904இல் அங்குதான் மாற்றுச் சக்கரம் செய்து விற்கத் தொடங்கினார்கள். இங்கிலாந்துக்காரர்களே மறந்துவிட்ட அந்தத் தெருவை எங்கள் மலையில் எழுதப் படிக்கத் தெரியாத கிளீனர் நாள்தோறும் உச்சரிக்கிறார். நிற்க.

பாய் கடைசியாகச் சொன்னதுதான் என்னை அமைதியாக்கியது. “ஏறும்போது தட்டினா நிக்கும், ஃபாதர். எறங்கும்போது நிக்கலைன்னா?” வண்டியில் நோயாளியோடு நான் செல்வது எப்போதும் இறக்கத்தில்தான்.

அதன்பின் என் பழைய டயர்களைக் காட்டி, “இது மொட்டை” என்றார். பட்டன்கள் தேய்ந்து, பள்ளங்களின் அடியில் தேய்மானத்தைக் காட்டும் சிறு மேடுகளோடு சமமாகியிருந்தன. புதிய டயரில் பள்ளத்தின் ஆழம் எட்டு மில்லிமீட்டருக்குக் குறையாது என்றார். என்னுடையதில் எஞ்சியிருந்தது ஒன்றரை. அதாவது, பிடிப்பு போனது மட்டுமன்று. டயர் தேய்ந்த அளவுக்கு அச்சும் தாழ்ந்திருந்தது. ஏறத்தாழ ஏழு மில்லிமீட்டர். அந்தத் தாய் கேட்ட உயரத்தில் ஒரு பகுதியை நானே தேய்த்துத் தொலைத்திருந்தேன்.

இங்கு ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அவ்வாண்டு ஜூலையிலேயே டயர் மாற்ற வேண்டும் என்பது எனக்குத் தெரியும். பேரவையில் பேசினோம். விண்ணேற்புத் திருவிழாவுக்குச் சப்பரத்துக்கு வர்ணம் பூசி மின்விளக்கு அமைக்க வேண்டியிருந்ததால், “டயர் கிறிஸ்துமஸ் வரைக்கும் தாங்கும்” என்று தீர்மானித்தோம். அந்தச் சொற்களைச் சொன்னவர் பேரவை உறுப்பினர் எவருமல்லர். நான்தான்.

“அந்தக் கல்லை அளந்தீங்களா?” என்றும் பாய் கேட்டார். அளக்கவில்லை. அதுவரை எனக்கு அப்படி ஓர் எண்ணமே தோன்றவில்லை. அடுத்த சனிக்கிழமை அளவு நாடாவோடு சென்றேன். உபதேசியாரும் இரண்டு இளைஞர்களும் உடன் வந்தார்கள். சக்கரத் தடத்தின் அடியிலிருந்து பாறையின் உச்சி 210 மில்லிமீட்டர். என் வண்டியின் கிரவுன் தரையிலிருந்து 174. ஏழையும் பதினைந்தையும் கூட்டினால் 196. பற்றாது. ஏழையும் நாற்பத்திரண்டையும் கூட்டினால் 223. பெரிய டயர் என்றால் தப்பியிருக்கும். பதின்மூன்று மில்லிமீட்டர் இடைவெளியில், சேற்றில் சக்கரம் புதையாதிருந்தால், தப்பியிருக்கும்.

அந்த எண்ணைத் தாளில் எழுதிவிட்டு நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பாய் சொன்னது சரி. அந்தத் தாய் கேட்டதும் சரி. அறநெறி இறையியல் வகுப்பில் முன்மதி என்னும் அறப்பண்பைப் பற்றி அக்குவினாஸ் வழிநின்று கற்பித்தபோது, சூழலைச் சுற்றிலும் பார்ப்பதும், வரவிருக்கும் இடரைக் காப்பதும் அதன் கூறுகள் என்று குறிப்பெடுத்துக்கொண்டேன். ஒரு மனிதனுக்கு இரண்டு சரியான விடைகள் எதிரெதிரே வந்து நின்றால் எதை மாட்டிக்கொண்டு ஓட்டுவது என்பது அந்தக் குறிப்பேட்டில் இல்லை.

அருகில் நின்ற உபதேசியார், பாறையைக் காலால் தட்டிப் பார்த்துவிட்டு, “இதை ஒடைச்சா என்ன சாமி?” என்றார்.

பதினோர் ஆண்டுகளாக அப்பாதையில் வண்டிகள் போய் வருகின்றன. ஒவ்வொருவரும் அந்தப் பாறையை அறிவர். எந்தப் பக்கம் எவ்வளவு ஒதுங்க வேண்டும் என்பதும் அறிவர். புதிதாக ஓட்டப் பழகுபவர்க்கு அதைச் சொல்லித் தருவதுகூட ஊரில் வழக்கம். அதை உடைக்கலாம் என்பது மட்டும் ஒருவருக்கும் தோன்றவில்லை. நான் டயர்க் கணக்கில் தாள்களைக் கறுப்பாக்கிக்கொண்டிருந்தபோதும் தோன்றவில்லை.

வெடி வைக்க அனுமதி வேண்டும். அதற்கு யாரும் போகவில்லை. பழைய முறைதான். பாறையைச் சுற்றி மண்ணைத் தோண்டி, அதன்மேல் விறகு அடுக்கி, ஓர் இரவு முழுதும் தீ மூட்டினார்கள். விடியலில் தண்ணீரை ஊற்றியதும் பாறையில் கீறல் விழுந்தது. பிறகு உளியும் சம்மட்டியும். இரண்டு நாள் வேலை. உடைந்த துண்டுகளைச் சக்கரத் தடத்தில் இட்டு, மண் கொட்டித் திமிசுக்கட்டையால் இடித்தார்கள். பள்ளம் நிரம்பியது, மேடு அகன்றது. மூன்றாம் நாள் அளந்து பார்க்க எனக்கு விருப்பமில்லை.

அடுத்த ஞாயிறு மறையுரைக்கு அந்தக் கல் தானாகவே வந்து நின்றது. கல்லறைக்குப் போன பெண்கள் வழியில் கேட்டுக்கொண்ட கேள்வியை வாசகர் அறிவர். நாக்கு நுனிவரை வந்தது. மூன்றாம் வரிசையில் அவள் தன் தாயோடு அமர்ந்திருந்தாள். நான் நற்செய்தியை விளக்கிவிட்டு, கல்லைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் இறங்கிவிட்டேன்.

டயர்கள் 2023 பிப்ரவரியில் வந்தன. 235/75 R15, மண்ணுக்கும் தாருக்கும் பொதுவான பட்டன் அமைப்பு, ஸ்டெப்னியோடு சேர்த்து ஐந்து. மட்கார்டில் உரசவில்லை. வாங்குமுன் இரண்டு செய்திகளைப் பார்க்கும்படி பாய் அறிவுறுத்தியிருந்தார். ஒன்று, சுமை எண். 100 என்றிருந்தால் ஒரு டயர் 800 கிலோ தாங்கும். புதியதின் எண் பழையதைவிடக் குறையக் கூடாது. மற்றொன்று, பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கம்: முதல் இரண்டும் வாரம், பின் இரண்டும் ஆண்டு. பளபளப்பைப் பார்த்து ஏமாறாமல் அதைப் பார்க்க வேண்டும்; கடையில் தூங்கிய டயர் ஓடாமலே கிழடாகிவிடும். காப்பீட்டுக்காரரிடமும் முன்கூட்டியே சொல்லிவிடச் சொன்னார். தயாரித்தவர் குறித்த விவரங்களிலிருந்து வண்டியை மாற்றுவதற்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு கட்டுப்பாடு விதிக்கிறது. சொல்லி, கேட்டு, பிறகே மாட்டினேன்.

ஒரு வேடிக்கையும் நிகழ்ந்தது. பங்கின் கணக்கைப் பார்ப்பவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். மூன்றாம் மாதம் அவர் கண்ணாடியை உயர்த்திக்கொண்டு, “ஃபாதர், புது டயர் போட்ட பிறகு மைலேஜ் குறைந்திருக்கிறதே” என்றார். வண்டியின் மீட்டர் சக்கரத்தின் சுற்றுகளைத்தான் எண்ணுகிறது. பெரிய சக்கரம் ஒரு சுற்றில் கூடுதல் தூரம் போகிறது என்பதை அது அறியாது. ஆயிரம் கிலோமீட்டர் ஓடினால் 959 என்றே காட்டும். முள் அறுபதில் நிற்கும்போது உண்மையான வேகம் 62.6. இதை அவருக்குத் தாளில் போட்டு விளக்கினேன். தூரம் குறைந்ததாகக் காட்டியதை மன்னித்தார். வேகத்தைக் குறைத்துக் காட்டுகிறதே என்பதற்கு மட்டும், “அப்போ நீங்கதான் மெதுவாப் போகணும்” என்று தீர்ப்பளித்தார்.

2024இல் அவள் மீண்டும் கருவுற்றிருந்தாள். எட்டாம் மாதத் தொடக்கத்திலேயே வத்தலக்குண்டில் இருக்கும் சித்தி வீட்டில் போய்த் தங்கிவிட முடிவாகியிருந்தது. நல்ல முடிவு. உபதேசியார் சொல்லியனுப்ப, நான் காலையில் ஜீப்போடு சென்றேன். பாதை காய்ந்திருந்தது. வானம் தெளிவாயிருந்தது. பெட்டியையும் ஒரு பாய்ச்சுருளையும் பின்னால் ஏற்றினார்கள். அவள் தாய் முன்கதவைத் திறந்து பிடித்தார். அவள் ஏறவில்லை.

“நான் நடந்துக்கிறேன் சாமி” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கணவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான், நான் கையமர்த்தினேன். டயரைப் பற்றியும், உடைத்த பாறையைப் பற்றியும், எனக்குத் தெரிந்த எண்களைப் பற்றியும் அவளிடம் சொல்ல என்னிடம் நிறைய இருந்தது. ஒன்றையும் சொல்லவில்லை.

ஆறு கிலோமீட்டர். ஒருபுறம் தாயும் மறுபுறம் கணவனும் வர, அவள் இடையிடையே நின்று மூச்சு வாங்கி நடந்தாள். நான் முதல் கியரில், பெட்டியை மட்டும் ஏற்றிக்கொண்டு, இருபதடி பின்னால் உருட்டிக்கொண்டு வந்தேன். ஓடைத் திருப்பத்தில் அவள் நின்றாள். பாறை இருந்த இடத்தை, பக்கத்தில் கிடந்த கருகிய சில்லுகளை, சிறிது நேரம் பார்த்தாள். பிறகு நடந்தாள். தார்ச்சாலை வந்து பேருந்தில் அவர்கள் ஏறும் வரைக்கும் என் வண்டியின் வேகமானி முள் அசையவேயில்லை.